பெட்ரோலில் மழைநீர்: இம்பால் பள்ளத்தாக்கு விமானத் தளம், ஜூன் 1944 – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

1944 மார்ச் இறுதியில் ஜப்பானியப் படை இம்பாலை முற்றுகையிட்டதில் கோஹிமாப் பக்கம் சாலை துண்டிக்கப்பட்டது. ஜூன் 22-இல் அது மறுபடி திறக்கும்வரை இம்பால் பள்ளத்தாக்குக்கு அரிசி, தோட்டா, மருந்து, தபால், பெட்ரோல் எல்லாமே அசாம், கிழக்கு வங்காளத் தளங்களிலிருந்து வான்வழியாகவே, பெரும்பாலும் டகோட்டா என்ற சரக்கு விமானங்களில், வந்தன. திரும்பும்போது அவை காயம்பட்டவர்களையும், சண்டைக்குத் தேவைப்படாத சுமார் 43,000 பேரையும் ஏற்றிச் சென்றன. தங்கியவர்களுக்கு ரேஷன் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. விமானத் தளங்களில் ஆட்களும் குறைந்தார்கள். வேலை மட்டும் குறையவில்லை.

இந்த ஆய்வு அந்த ஜூன் மாதத்தில், பள்ளத்தாக்கின் தளமொன்றிலிருந்த, ஹரிக்கேன் என்ற ஒற்றை எஞ்சின் போர் விமானங்களின் அணியில் நடந்ததைப் பற்றியது. அணியின் எண்ணும் ஆட்களின் பெயரும் தரப்படவில்லை. நிகழ்வின் நடுவில் இருப்பவர் சென்னை மாகாணத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த எஞ்சின் ஃபிட்டர். வயது இருபத்திரண்டு. படையில் சேரும் முன் பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை பார்த்தவர். சென்னையிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து வண்டி மாறி, பிரம்மபுத்திராவைப் படகில் கடந்து, மணிப்பூர் ரோடு என்ற திமாப்பூர் நிலையம், பிறகு லாரியில் சுமார் 130 மைல் மலைப்பாதை என்று வந்து சேர்ந்தவர். அவருக்குத் தமிழும் பட்டறை ஆங்கிலமும் நன்றாகத் தெரியும், இந்துஸ்தானி அரைகுறை. அந்த அரைகுறைக்கு இந்த நிகழ்வில் ஒரு பங்கு உண்டு.

ஒரு நாள் எப்படி ஓடியது

விடியுமுன்பே எழுந்து எஞ்சின் மூடிகளையும் காக்பிட் தார்பாயையும் கழற்றுவார்கள். மழைநாளில் இதுவே ஒரு வேலை: ஈரம் குடித்த கித்தான் இரு மடங்கு கனக்கும், மடிப்பில் தேங்கிய தண்ணீரை எஞ்சின் பக்கம் சரியவிடாமல் வெளிப்புறமாகக் கவிழ்க்க வேண்டும். அடுத்தது தினசரி சோதனை. எண்ணெய் அளவு, ரேடியேட்டர் தொட்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்–கிளைக்கால் கலவை, குழாய் இணைப்புகளில் கசிவு, நட்டுகள் தளராமல் கட்டிய பூட்டுக்கம்பி அறுந்திருக்கிறதா, எக்ஸாஸ்ட் குழல்களில் விரிசல் உண்டா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ஹரிக்கேனின் ரேடியேட்டர் வயிற்றுக்கடியில் தொங்குவதால் ஓடுபாதைச் சேறு முதலில் அதன் முகத்தில்தான் அப்பும். அதை மூங்கில் குச்சியாலும் தண்ணீராலும் சுத்தம் செய்யாவிட்டால் அன்றைய இரண்டாம் பறப்பிலேயே வெப்பமானி ஏறிவிடும்.

பிறகு ஸ்டார்ட். மின்கல வண்டியில் சார்ஜ் இருந்தால் சுலபம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் கைப்பிடி செருகி இருவர் சேர்ந்து சுழற்ற வேண்டும். எஞ்சினை முழு வேகத்தில் சோதிக்கும்போது மூக்கு கவிழாமலிருக்க வால் இறக்கையின் மேல் ஆட்கள் குப்புறப் படுத்து அழுத்துவார்கள். மழையில், ப்ரொபெல்லர் வாரியடிக்கும் சேற்றுத் தூறலில், அது யாரும் விரும்பாத இடம். புதிதாக வந்தவனுக்குத்தான் அது வாய்க்கும்.

பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோக்களின் சோதனை முடிந்து, விமானத்தின் பராமரிப்புப் பதிவான படிவம் 700-இல் எஞ்சின், சட்டகம், ஆயுதம், மின்சாரம் என ஒவ்வொரு பிரிவுக்காரரும் கையெழுத்திட, கடைசியில் விமானி ஒப்பமிட்டு ஏறுவார். அவர் திரும்பியதும் பெட்ரோல், எண்ணெய், தோட்டா. குண்டு துளைத்த இடத்தில் லினன் துணி ஒட்டி, துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூச வேண்டும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் டோப் வெள்ளையாகப் பூத்து இறுக்கம் பிடிக்காது. மழை ஓய்ந்த இடைவெளிக்காகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இரவிலும் ஓய்வில்லை. தளங்கள் வேலி கட்டிய பாசறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பகலில் ஸ்பேனர் பிடித்தவர்களே இரவில் முறைவைத்துத் துப்பாக்கியோடு பதுங்குகுழியில் காவல் நின்றார்கள். அந்தக் காவல் வெறும் சடங்கில்லை. ஜூலை தொடக்கத்தில் பலேல் தளத்துக்குள் ஜப்பானியர் இரவில் புகுந்து, நின்றிருந்த விமானங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சூரியன் சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, முழுநீளக் காற்சட்டை. மலேரியாவைத் தடுக்கத் தினம் ஒரு மெபாக்ரின் மாத்திரை. அதைத் தின்னத் தின்னத் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தியும் கூடவே திரிந்தது. மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்து துப்பியவர்கள் எல்லா அணியிலும் உண்டு. கைகளில் பூட்டுக்கம்பி கிழித்த கீறல்கள் பெட்ரோலிலும் ஈரத்திலும் ஊறி ஆறாமல் புண்ணாகும். ஊருக்கு எழுதும் கடிதத்தில் இடம், மழை, விமானம் எதையும் சொல்ல முடியாது, தணிக்கையில் அடித்துவிடுவார்கள். நலம், நலமறிய ஆவல் என்பதோடு பலரின் கடிதங்கள் முடிந்தன.

பெட்ரோல் கணக்கு

நிகழ்வைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு வேண்டும். ஹரிக்கேனில் இறக்கை நடுப்பகுதியில் தலா 33 காலன் கொண்ட இரண்டு முதன்மைத் தொட்டிகள், காக்பிட்டுக்கு முன்னால் 28 காலன் கொண்ட ரிசர்வ் தொட்டி. மொத்தம் 94 காலன். பெட்ரோல் 44 காலன் டிரம்களில் வந்தது. பன்னிரண்டு விமானங்களைக் காலியிலிருந்து ஒரு தடவை நிரப்ப 1,128 காலன், அதாவது இருபத்தைந்து டிரம்முக்கு மேல். நிரம்பிய டிரம் 350 ராத்தலைத் தாண்டும் என்பதால் ஒரு டகோட்டாவில் பதினைந்து டிரம் அளவுக்குத்தான் ஏற்றலாம். ஆக இந்த ஓர் அணி ஒருமுறை வயிறு நிரம்பவே கிட்டத்தட்ட இரண்டு டகோட்டா தேவை. டிரம்மும் அருமைப்பொருள். காலியானவை திரும்பப் போய், நிரம்பி, மறுபடி வந்தன. இடையில் அவை எங்கே, எந்த மழையில், மூடி திறந்தா மூடியா கிடந்தன என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

டிரம்மிலிருந்து கைப்பம்பால் இறைத்து, பெரிய புனலில் விரித்த ஷாமி லெதர் என்ற மெல்லிய பதனிட்ட தோல் வழியாகத் தொட்டியில் ஊற்றுவார்கள். தோல் பெட்ரோலை விடும், தண்ணீரைத் தடுக்கும். இதுதான் தண்ணீருக்கு எதிரான கடைசிக் காவல். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தோல் முதலில் பெட்ரோலில் நனைந்திருக்க வேண்டும். தண்ணீரில் நனைந்த ஷாமி தண்ணீரைத் தாராளமாக உள்ளே விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கவனிக்கப்பட்டவை

முதல் அறிகுறி ஒரு காலைச் சோதனையில். ஒரு விமானத்தின் எஞ்சின் வேகமேற்றும்போது இரண்டு தடவை இருமி, பிறகு சீராக ஓடியது. மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் வேகக்குறைவு அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தது. மழைக்காலம், பிளக் வயர்களில் ஈரம் என்று ஃபிட்டர் முடிவுசெய்தார். அது நியாயமான சந்தேகம்தான். அந்த வாரத்தில் வேறு இரண்டு விமானங்களில் உண்மையிலேயே ஈரமான வயர்களால் கோளாறு வந்திருந்தது. வயர்களைத் துடைத்து உலர்த்தி, விமானத்தை அனுப்பினார்கள்.

மூன்று நாள் கழித்து வேறொரு விமானம் பறக்கும்போது எஞ்சின் சில நொடி முழுதாக நின்று, மறுபடி பிடித்தது. விமானி படிவத்தில் எழுதியது ஒரே வரி: எஞ்சின் கணநேரம் நின்றது. இந்தத் தடவை இருபத்துநான்கு பிளக்குகளும் மாற்றப்பட்டன. ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக். பாதி இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், பாதி வெளிப்பக்கத்தில். பள்ளத்திலுள்ளவற்றில் ஸ்பேனர் அரைச்சுற்றுக்கு மேல் திரும்பாது. தார்பாய் அடியில், டார்ச் வெளிச்சத்தில், நள்ளிரவுவரை அந்த வேலை நடந்தது. மறுநாள் எஞ்சின் நன்றாக ஓடியதும் பிளக்தான் காரணம் என்பது உறுதியானதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கழற்றிய பிளக்குகள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்ததை ஃபிட்டர் கவனித்தார். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது சம்பவம் ஓடுபாதையில். காலைப் புறப்பாட்டில், வால் தரையை விட்டு எழுந்த சில நொடிகளில், எஞ்சின் எந்த முன்னறிவிப்புமின்றி நின்றது. விமானி த்ராட்டிலை மூடி நேராகவே ஓடவிட்டார். விமானம் ஓடுபாதை முனையைத் தாண்டி வயல் சேற்றில் இறங்கி, சக்கரக்கால்கள் மடங்க, வயிற்றால் அமர்ந்தது. மர ப்ரொபெல்லர் இலைகள் மூன்றும் முறிந்தன. விமானிக்கு நெற்றியில் வெட்டுக்காயம்.

மறு ஆய்வு

அணியின் பொறியியல் அதிகாரி முதலில் செய்தது பிளக் பெட்டியைத் திறப்பதை நிறுத்தியது. அவருடைய வாதம் எளிமையானது. மெர்லினில் இரண்டு மேக்னெட்டோக்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தலா பன்னிரண்டு பிளக்குகளுக்குப் பொறி தருகின்றன. ஈரத்தால் கோளாறு வந்தால் எஞ்சின் கரடுமுரடாக ஓடும், ஒரு பக்க மேக்னெட்டோவில் வேகம் சரியும், ஈரம் காய்ந்ததும் மெல்லத் தேறும். இரண்டும் ஒரே நொடியில் செத்து, ஒரே நொடியில் உயிர்பெறுவது அரிதிலும் அரிது. முழு நிசப்தம் என்றால் எரிபொருளைப் பார்.

அடுத்து, இரண்டாம் சம்பவத்தின் விமானியை நேரில் கேட்டார். எஞ்சின் நின்றதும் அவர் பெட்ரோல் வால்வை முதன்மைத் தொட்டியிலிருந்து ரிசர்வுக்குத் திருப்பியிருக்கிறார். அதன்பிறகுதான் எஞ்சின் பிடித்தது. இதை அவர் திரும்பியதும் உளவுப்பிரிவு அதிகாரியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார், படிவத்தில் எழுதவில்லை. நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான ஒரே தகவல் எஞ்சின்காரர்களுக்கு வரவேயில்லை. இருபத்துநான்கு பிளக்கும் ஓர் இரவுத் தூக்கமும் வீண்.

சேற்றில் கிடந்த விமானத்தின் கார்புரேட்டர் மிதவை அறையைத் திறந்தபோது அடியில் தெளிந்த தண்ணீர் இருந்தது. பெட்ரோலுக்குப் பச்சைச் சாயம் உண்டு என்பதால், கண்ணாடிக் குப்பியில் பிடித்தால் கோடு கிழித்தாற்போல் பிரிந்து தெரியும். ரிசர்வ் தொட்டியில் தண்ணீர் இல்லை. பறப்புகள் குறுகியவை, ரிசர்வ் அதிகம் செலவாகவில்லை, ஆகவே அதில் மழைக்கு முந்தைய டிரம்களின் பெட்ரோலே இருந்தது. தினசரி நிரப்பியதெல்லாம் முதன்மைத் தொட்டிகளில்.

காலையில் தொட்டி வடிகாலைத் திறந்து பார்த்தும் தண்ணீர் ஏன் அகப்படவில்லை? ஹரிக்கேன் தரையில் வாலைத் தாழ்த்தி நிற்கிறது. அந்நிலையில் தண்ணீர் தொட்டியின் பின்மூலையில் தங்கிவிட்டது. புறப்பாட்டில் வால் எழுந்ததும் அது முன்னால் ஓடி வெளிவாயை அடைந்தது. எஞ்சின் நின்ற தருணம் இதற்கு அப்படியே பொருந்தியது.

தண்ணீர் வந்த வழி

டிரம்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. மேல்விளிம்பு உள்தட்டை விட உயரமாக இருப்பதால் நிமிர்ந்த டிரம்மின் தலையில் ஒரு காலன் அளவு மழைநீர் தேங்கும். அடைப்பான் அந்தக் குட்டையின் அடியில். பகல் வெயிலில் உள்ளே ஆவி விரிந்து வெளியேறும். மாலைக் குளிரில் சுருங்கும்போது அடைப்பான் மரை வழியே தண்ணீரை உறிஞ்சும். தினமும் கொஞ்சம்.

பம்பின் உறிஞ்சுகுழாய் டிரம்மின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று முற்றுகைத் தொடக்கத்தில் யாரோ நீளக் குழாய் மாட்டியிருந்தார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் சரியாகத் தோன்றும் வேலை. தண்ணீர் தங்கும் இடத்திலிருந்தே இறைக்கும் ஏற்பாடாக அது முடிந்தது.

பிறகு ஷாமி. அதைக் கவனித்துவந்த ஏர்கிராஃப்ட்மேன் மே இறுதியில் மலேரியாவில் விழுந்து விமானத்தில் வெளியே அனுப்பப்பட்டார். தினமும் தோலைப் பெட்ரோலில் அலசி, மூடிய தகரத்தில் வைப்பது அவர் பழக்கம். எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. பின்னால் வந்தவர் பஞ்சாப் பக்கத்து இளைஞர். பொறுப்பை ஒப்படைக்கும்போது நம் ஃபிட்டர் மொழிபெயர்த்தார். தோலைச் சுத்தமாக வை என்பது போய்ச் சேர்ந்தது. எதில் கழுவுவது என்பது சேரவில்லை. அந்த இளைஞர் அதை ஒழுங்காக, தினம் மாலை, தண்ணீரில் துவைத்து மூங்கில் குடிசையில் காயப்போட்டார். அந்த ஈரக்காற்றில் தோல் எப்படிக் காயும்?

நான்காவது, அரைத்தொட்டிகள். பறந்து வந்ததும் நிரப்பாமல், இரவில் தாக்குதல் வந்தால் பெட்ரோல் எரியுமே என்று, காலையில்தான் நிரப்பினார்கள். காலியான இடத்து ஈரக்காற்று இரவுக் குளிரில் தொட்டிச் சுவரில் வியர்த்தது. மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் இதன் பங்கு சிறியது.

எடுத்த முடிவுகள்

அன்று நண்பகல்வரை அணி பறக்கவில்லை. தரைப்படை ஆதரவு கேட்டுக்கொண்டிருந்த வேளையில் இது லேசான முடிவல்ல. ஆனால் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், புறப்பட்டவுடன் எஞ்சின் நின்றால் இறங்க இடமில்லை என்பதால் அதிகாரி பிடிவாதமாக நின்றார். மீதமிருந்த ஒவ்வொரு விமானத்தின் வாலையும் முட்டுத்தாங்கியில் ஏற்றிப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இருபது நிமிடம் அசையாமல் விட்டு, வடிகாலிலிருந்து ஒரு பைன்ட் கண்ணாடிக் குப்பியில் பிடித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் தண்ணீர் இருந்தது. வடிகட்டியைக் கழற்றி அலசி, மிதவை அறையை வடித்து, மறுபடி பூட்டுக்கம்பி கட்டி முடிக்க இரண்டு பேருக்கு ஒரு மணிக்கு மேல் ஆனது.

டிரம்கள் படுக்கவைக்கப்பட்டன: இரண்டு அடைப்பான்களும் ஒரே கிடைமட்டத்தில், பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே இருக்குமாறு. அப்போது உள்பக்கம் பெட்ரோல் அழுத்திநிற்பதால் வெளிநீர் புகாது, மரையும் காயாது. பயன்படுத்தும் டிரம்மை முந்தைய மாலையே நிமிர்த்தி, ஒரு பக்கம் கட்டை வைத்துச் சாய்த்து, தார்பாய் மூடி, இரவு முழுதும் தெளியவிட்டார்கள். உறிஞ்சுகுழாய் இரண்டு அங்குலம் வெட்டப்பட்டது. அடியில் மிஞ்சுவதை வேறு டிரம்மில் சேர்த்துத் தெளியவைத்து லாரிகளுக்கும் பாகம் கழுவவும் கொடுத்தார்கள். பழைய ஷாமியைத் துடைப்புத் துணியாகப் போட்டுவிட்டு, புதிய இரண்டு பெட்ரோல் தகரத்திலேயே ஊறவைக்கப்பட்டன. டிரம், பம்பு, புனல், விமானம் நான்கையும் செம்புக்கம்பியால் இணைத்துத் தரையில் இறக்குவதும் இதே சமயம் கட்டாயமானது. தோல் வழியே பெட்ரோல் வடியும்போது நிலைமின்சாரம் சேரும்.

படிவத்தில் எரிபொருள் நிரப்பியதற்குக் கையெழுத்திட்டவர் நம் ஃபிட்டர். ஒழுங்கு நடவடிக்கைப் பேச்சு எழுந்தது. அதிகாரி அதை ஏற்கவில்லை. தண்டித்தால் அடுத்த முறை சுத்தமான பிளக்கைப் பார்ப்பவன் இன்னும் ஆழமாக வாயை மூடிக்கொள்வான் என்பது அவர் சொன்ன காரணம். தவறு நடந்த ஒப்படைப்புக்கு அந்த அதிகாரியே ஒப்புதல் தந்தவர் என்பதும் அந்த முடிவில் இருந்திருக்கும்.

பின் விளைவு

அந்த மழைக்காலம் முழுவதும் அணியில் எரிபொருளால் எஞ்சின் நின்ற சம்பவம் மறுபடி வரவில்லை. விலை நேரத்தில் கொடுக்கப்பட்டது. நல்ல ஷாமியில் பெட்ரோல் மெதுவாகவே இறங்கும். நிரப்பும் நேரம் ஏறத்தாழ இரட்டித்தது. அவசரத்தில் ஒருவர் தோலின் ஓரத்தைத் தூக்கி ஊற்றப்போய்ப் பிடிபட்ட பிறகு, புனல் விளிம்பில் தோலை வளையம் போட்டு இறுக்கினார்கள்.

சேற்றில் விழுந்த விமானத்தின் எஞ்சின், ப்ரொபெல்லர் தரையில் மோதிய அதிர்ச்சியால், கழற்றித் திருப்பி அனுப்பப்பட்டது. முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பியில் தூக்கி இறக்கினார்கள். சட்டகம் உதிரிபாகங்களுக்காக உரிக்கப்பட்டது.

ஃபிட்டர் புதிய முறை முழுவதையும் தன் குறிப்பேட்டில் அளவுகளோடு தமிழில் எழுதிவைத்தார். ஜூலையில் அவருக்கே மலேரியா. குறிப்பேடு தளத்தில் தங்கியது; அதை வாசிக்க ஆளில்லை. சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்லித்தான் அடுத்தவருக்கு அது போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அது ரோமன் எழுத்து உருதுவிலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதி பெட்ரோல் கிடங்கு வாசலில் நடப்பட்டது.

மாற்ற வேண்டியவை

ஷாமியைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது, சோதித்துத்தான் அறியலாம். காலையில் முதல் டிரம்முக்கு முன் ஒரு கரண்டித் தண்ணீரை ஷாமியில் ஊற்றிப் பார்ப்பது போதும்: முத்தாக நின்றால் தோல் நல்லது, ஊறி இறங்கினால் மாற்று. சோதித்த பிறகு அந்தத் தண்ணீரைக் கவிழ்க்க மறக்கக்கூடாது.

விமானியின் குறிப்பில் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும்: எந்தத் தொட்டியில் ஓடியது, எஞ்சின் திடீரென நின்றதா தடுமாறி நின்றதா, திரும்பப் பிடிக்குமுன் விமானி எதைத் தொட்டார். களைத்துப்போய் இறங்கும் ஒருவர் இதைத் தானாக எழுதுவார் என்று எதிர்பார்ப்பது வீண். ஃபிட்டரே இறக்கையடியில் நின்று கேட்டு எழுத வேண்டும்.

பாகத்தை மாற்றியதும் கோளாறு போய்விட்டது என்பது மட்டும் ஆதாரமாகாது. கழற்றிய பாகத்தில் பழுது தெரியாவிட்டால் அதைப் படிவத்திலேயே எழுதி, விமானத்தைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். வடிகால் சோதனை வாரம் ஒருமுறையாவது வால் தூக்கிய நிலையில் நடக்க வேண்டும்.

ஒருவர் நோயில் விழுவதை விதிவிலக்காக நினைக்காமல் அட்டவணைக்குள் சேர்க்க வேண்டும். மலேரியாப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். ஒப்படைப்பு வாய்ச்சொல்லோடு நிற்காமல், புதியவர் பழையவர் முன்னால் ஒரு டிரம்மைத் தானே இறைத்துக் காட்டிய பிறகே முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.